துருவும் துவர்ப்பும்

பழைய புல்லட்டுக்குப் பக்கவாட்டுப் பை ஒன்று தைத்து, அதன் வாரைச் சாதாரண இரும்பு ரிவெட் அடித்துப் பொருத்தி, ஐப்பசி மழையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். மறுநாள் காலை ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் நீலம் கலந்த கறுப்பில் ஒரு வளையம் விழுந்திருக்கும். சோப்புக்குப் போகாது, தேய்த்தால் பரவும். செயின் கிரீஸ் என்று நினைத்துப் பெட்ரோல் போட்டுத் துடைப்பவர்கள் உண்டு. அதற்கும் அசையாது. ஏனென்றால் அது மை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் சுவடிகளையும் பத்திரங்களையும் எழுதப் பயன்பட்ட அதே இரும்பு மை, யாரும் காய்ச்சாமலே உங்கள் பையில் உருவாகியிருக்கிறது.

பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துக் கோர்க்கும் ஆசை பிடித்தவர்கள் கொஞ்ச நாளில் தோல் வேலைக்கும் வந்து சேருவது பல ஊர்களில் நடப்பதுதான். பிஸ்டனும் வால்வும் சென்னையின் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ எப்படியாவது கிடைத்துவிடும். ஸ்பிரிங் வைத்த பழைய ஒற்றை சீட்டுக்கு நல்ல தோலுறை, டூல் பை, பெட்டியை இறுக்கும் வார் ஆகியவை அப்படிக் கிடைப்பதில்லை, தைத்துக்கொள்ள வேண்டியதுதான். இரும்போடு மல்லுக்கட்டிய கைக்கு ஓய்வாக ஒரு மெல்லிய வேலை என்று நினைத்துத் தொடங்குகிறார்கள். ஆனால் இரண்டு மேசையிலும் நடப்பது ஒரே வேதியியல். துரு, சூடு, எண்ணெய், அமிலம் என்று வண்டியில் எதையெல்லாம் சமாளிக்கிறோமோ அதையெல்லாம் தோலிலும் சமாளிக்க வேண்டும். ஒன்றில் படித்த பாடம் மற்றதில் அப்படியே உதவும்.

தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதத்தின் நார்கள். ஒரு கொலாஜன் மூலக்கூறு ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளம், 1.5 நானோமீட்டர் தடிமன். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட வடிவம் அது. இந்த முப்புரி அமைப்பை உலகுக்குச் சொன்னது சென்னை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறையை நடத்திய ஜி.என். ராமச்சந்திரனும், அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார்கள். மறு ஆண்டே அந்த அமைப்பைத் திருத்தி, மூன்று இழைகளும் சேர்ந்து மேலும் ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்கின்றன என்றார்கள். எக்ஸ் கதிர் ஆய்வுக்கு வேண்டிய கொலாஜனுக்கு அவர்கள் நெடுந்தூரம் போகவில்லை. 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது. இழையில் மூன்றுக்கு ஒன்று கிளைசினாக, அதாவது அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதாக, இருந்தால்தான் மூன்று இழைகளும் இவ்வளவு நெருங்கி நிற்க முடியும். தோல் கிழியாமல் இழுபடும் பலம் இந்த நெருக்கத்திலிருந்து தொடங்குகிறது.

பதனிடாத பச்சைத் தோலை நனைய விட்டால் அழுகும். உலர்த்தினால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைக்கும். காற்றின் ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். பறையைத் தீயில் காய்ச்சுவது இதனால்தான்: ஈரம் ஏறித் தொய்ந்த தோல், சூட்டில் நீரை இழந்து இறுகிச் சுருதி ஏறுகிறது. பறைக்கு அந்தக் குணம் வரம். மழையிலும் வெயிலிலும் நிற்கும் சீட்டுக்கு அது ஆகாது. நார்களுக்கு இடையே வேறொன்று புகுந்து, அவற்றை ஒட்டவும் விடாமல், அழுகவும் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர்தான் பதனிடுதல்.

தமிழ்நாட்டில் அதற்குப் பழைய வழி ஆவாரம் பட்டை, கொன்றைப் பட்டை, கடுக்காய். மூன்றிலும் உள்ளது டானின் என்ற துவர்ப்புப் பொருள். பச்சைப் பாக்கை மென்றால் வாய் வறண்டு நாக்கு சொரசொரக்கிறதே, அப்போது டானின் உங்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துத் திரட்டுகிறது. தோல் தொட்டியிலும் நடப்பது அதுதான். ஆனால் அங்கே வாரக்கணக்கில் நடக்கும். டானின் மூலக்கூறுகள் பெரியவை. அவற்றின் எடை ஏறத்தாழ 500 முதல் 3,000 டால்டன் வரை. உடலெங்கும் ஹைட்ராக்சில் கைகள். கொலாஜனின் முதுகெலும்பை ஹைட்ரஜன் பிணைப்புகளால் பல இடத்தில் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கின்றன. ஒரு பிடி விட்டாலும் பத்துப் பிடி இருக்கும். எனவே தண்ணீரில் அலசினாலும் எளிதில் கழன்று வராது.

ஆவாரையில் பதனிட்ட தோல் வெயிலில் செந்நிறம் பாயும். அதைத் தடுக்கத்தான் கடைசியில் கடுக்காய் முழுக்கு. பிறகு புங்க எண்ணெய் தடவுவார்கள். இப்படி வந்த தோல் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போனது. 'ஈஸ்ட் இந்தியா' தோல், சுருக்கமாக ஈ.ஐ. தோல் என்று பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்சுக்கு மேல்தோலாக இது பெருமளவில் பயன்பட்டது. 2008இல் தமிழ்நாட்டுப் பொருளாகப் புவிசார் குறியீடும் கிடைத்தது. புல்லட் எதிர்த்திசையில் வந்தது. இங்கிலாந்தின் ரெடிச்சில் பிறந்த வண்டியை இந்திய ராணுவம் 800 கேட்க, அதன் தயாரிப்பாளர்கள் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கி, திருவொற்றியூரில் வேலை தொடங்கினார்கள். தோல் போன துறைமுகத்துக்கு வடக்கே சில கிலோமீட்டரில் புல்லட் தொழிற்சாலை.

சென்னை பெரியமேட்டின் தோல் கடைகளில் இன்று நீங்கள் காண்பதில் பெரும்பகுதி இந்த வகைத் தோல் அல்ல. குரோமியம் உப்பில் பதனிட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வணிக முறையாக வளர்ந்த இந்த வழி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தது. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனி தந்தது. குரோமியம் அணுக்கூட்டங்கள் கொலாஜனின் கார்பாக்சில் பக்கவாட்டுக் கைகளைப் பிடித்து நாருக்கு நார் பாலம் போடுகின்றன. வேலை ஒரே நாளில் முடியும். தோல் மெத்தென்று இருக்கும். வெந்நீரையும் தாங்கும்.

வெந்நீர் என்பதை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் வண்டிக்காரருக்கு வேண்டிய எண் இதில்தான் இருக்கிறது. நனைந்த தோலை மெல்லச் சூடாக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் முப்புரி முறுக்கு அவிழ்ந்து, தோல் சட்டென்று சுருங்கும். பச்சைத் தோலுக்கு அது ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸ். பட்டையில் பதனிட்டதற்கு 75 முதல் 85. குரோம் தோலுக்கு 100க்கு மேல். உலர்ந்த தோல் இதைவிட அதிகச் சூட்டைத் தாங்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால்தான் ஆபத்து. மழையில் ஊறிய பட்டைத்தோல் பை சைலன்சரில் சாய்ந்து நின்றால் என்ன ஆகும் என்று இனி சொல்ல வேண்டியதில்லை. சுருங்கிக் கெட்டிப்பட்ட அந்த மூலை திரும்ப நேராகாது. எத்தனை எண்ணெய் தடவினாலும் ஆகாது. முறுக்கு அவிழ்ந்த புரதம் ஜெலட்டின் வழிக்குப் போய்விட்டது. நனைந்த ஷூவை இஞ்சின் மேல் வைத்துக் காயவைப்பவர்களுக்கும் இதே கதி. நிழலில் காற்றாட விடுங்கள், இரண்டு நாள் ஆகட்டும்.

அப்படியானால் குரோம் தோலே மேல் அல்லவா? சீட் உறைக்கும் கையுறைக்கும் ஆம். ஆனால் வடிவம் பிடிக்க வேண்டிய எதற்கும் அது உதவாது. பட்டைத்தோலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் ஹைட்ரஜன் பிணைப்புகளில் பல தளர்கின்றன. நார்கள் நழுவி இடம் மாறுகின்றன. அழுத்திப் பிடித்துக் காயவிட்டால் புது இடத்தில் புதுப் பிணைப்பு விழுகிறது. குரோம் தோல் நனைந்து காய்ந்தாலும் பழையபடி வந்து நிற்கும்.

இதைக் கண்ணால் பார்க்கக் காற்றடிக்கும் கைப்பம்பைத் திறந்தால் போதும். தண்டின் நுனியில் கிண்ணம் போல ஒரு தோல் வாசர் இருக்கும். பழைய வண்டியோடு வரும் பம்புகளில் அது காய்ந்து சருகாகியிருக்கும். கடையில் அந்த அளவு கிடைக்காது. இரண்டு மில்லிமீட்டர் பட்டைத்தோலில் வட்டம் வெட்டி, நடுவில் துளை போட்டு, கை பொறுக்கும் சூட்டில் உள்ள நீரில் குமிழி வருவது நிற்கும்வரை ஊறவையுங்கள். பம்புக் குழாயின் உள்விட்டம் கொண்ட ஒரு துண்டுக் குழாயின் வாயில் வட்டத்தை வைத்து, அதைவிடத் தோலின் இரு பக்கத் தடிமன் குறைந்த ஒரு மரக்குச்சியால் மெல்ல உள்ளே தள்ளுங்கள். ஓரம் முதலில் மடிப்பு மடிப்பாகச் சுருங்கும், விரலால் நீவிவிட்டால் சமனாகும். அப்படியே ஒரு இரவு. காலையில் உருவினால் கிண்ணம் தயார். உதட்டைச் சீராக வெட்டி எண்ணெயில் ஊறப்போடலாம். பம்பை அழுத்தும்போது உள்ளிருக்கும் காற்றே இந்த உதட்டை வெளிப்பக்கம் தள்ளிச் சுவரோடு ஒட்டவைக்கிறது. அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகும். வண்டியை மீட்கும் ஒருவர் முதன்முதலில் செய்ய வேண்டிய தோல் வேலை எது என்று கேட்டால் சீட்டையும் பையையும் விட்டு இந்த வாசரைத்தான் சொல்வேன்.

இனி அந்தக் கறுப்பு வளையத்துக்கு வருவோம். பட்டைத்தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உள்ளது. ஈரம் பட்டதும் ரிவெட்டின் இரும்பு கொஞ்சம் கரைகிறது. கரைந்த இரும்பைத் தோலில் உள்ள டானின் பிடித்துக்கொள்கிறது. காற்றின் ஆக்சிஜன் பட்டதும் அந்தக் கூட்டுப்பொருள் கறுத்து, நீரில் கரையாத நிறமாகிறது. கறையின் சாயலைப் பார்த்து எந்தப் பட்டையில் பதனிட்டது என்று ஓரளவு ஊகிக்கலாம்: கடுக்காய் வகை டானின் நீலக்கறுப்பு தரும், ஆவாரை, வாட்டில் போன்ற பட்டைகளின் டானின் பச்சை கலந்த கறுப்பு தரும். கலம்காரித் துணியில் காணும் கறுப்புக் கோடும் இதே வினைதான். துணியைக் கடுக்காயில் முக்கி உலர்த்தி, துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் சேர்த்து ஊறவைத்த நீரால் கோடு இழுத்தால் கறுக்கிறது. தோல் வேலைக்காரர்களும் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். வினிகரில் இரும்புக் கம்பளியைப் போட்டு ஊறவைத்த தண்ணீரைத் தடவினால் தோல் கண்முன்னே கறுக்கும். சாயம் பூசியதல்ல என்பதால் கையில் ஒட்டாது.

அதே வினையை வண்டியின் பக்கத்திலிருந்து பாருங்கள். சேஸிஸில் உப்புத்தாளுக்கும் வராமல் குழிகளில் ஒட்டிய துருவுக்கு 'ரஸ்ட் கன்வர்ட்டர்' என்று ஒரு பால் போன்ற திரவம் விற்கிறார்கள். தடவிய சிறிது நேரத்தில் செந்துரு நீலக்கறுப்பாக மாறும். அந்தத் திரவங்கள் பலவற்றில் வேலை செய்வது டானிக் அமிலம். துருவில் இருக்கும் இரும்போடு சேர்ந்து, எளிதில் வினைபுரியாத இரும்பு டானேட் படலமாகிவிடுகிறது. அதன் மேல் பிரைமர் அடிக்கலாம். அருங்காட்சியகங்களில் பழைய இரும்புப் பொருள்களைக் காக்கவும் டானிக் அமிலம் பயன்படுகிறது. ஆக, தோலைக் கெடுத்த வளையமும் சேஸிஸைக் காத்த படலமும் ஒரே பொருள்.

கறையை எடுக்கும் வழியும் வண்டிப் பட்டறையில் இருப்பதுதான். துருப்பிடித்த போல்ட்டை ஆக்சாலிக் அமிலக் கரைசலில் போட்டு வைப்பார்கள். அது இரும்பை டானினைவிட இறுக்கமாகப் பிடித்துக் கரைத்துக்கொண்டு போகும். அதே கரைசலை மிக நீர்த்ததாகத் தொட்டு வைத்தால் தோலின் கறுப்பு வளையம் மங்கும். ஆக்சாலிக் அமிலம் விஷம், எனவே வீட்டில் எலுமிச்சைச் சாற்றில் தொடங்குவது நல்லது. சிட்ரிக் அமிலமும் இரும்பைப் பிடிக்கும். முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள், அமிலத்தைத் தோலில் விட்டுவைக்கக் கூடாது.

இரும்புதானே தொல்லை, செம்பு ரிவெட் போடலாமே என்பார்கள். போடலாம், நானும் அதையே சொல்வேன். அங்கே வேறொரு சின்னத் தொல்லை உண்டு. தோலில் தடவிய எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் செம்பையும் பித்தளையையும் மெல்ல அரித்து, ரிவெட்டின் ஓரத்தில் பச்சை மெழுகாகத் திரளும். பார்க்க அருவருப்பாக இருக்குமே தவிர, மரக்குச்சியால் சுரண்டினால் வந்துவிடும். எண்ணெயைக் குறைத்துத் தடவினால் குறையும். ரிவெட் தலை அடிக்கும்போது செம்பு கெட்டிப்பட்டு வெடித்தால், இஞ்சினின் ஆயில் குழாய் முனையில் போடும் செம்பு வாசருக்கு மெக்கானிக் என்ன செய்வாரோ அதையே செய்யுங்கள்: அடுத்த ரிவெட்டைத் தோலில் போடும் முன் செக்கச் சிவக்கக் காய்ச்சி விடுங்கள். அடி வாங்கி நெரிந்த உலோகப் படிகங்கள் சூட்டில் புதிதாக உருவாகி, செம்பு மறுபடி இளகிய பதத்துக்கு வரும். தண்ணீரில் போட்டாலும் ஆறவிட்டாலும் செம்புக்கு ஒன்றுதான்; எஃகு மாதிரி அது கெட்டிப்படாது.

தோலை உலோகத்தோடு நிரந்தரமாகக் கட்டிவைப்பதை மட்டும் தவிருங்கள். குரோமியம் பூசிய ஹேண்டில்பாரில் தோல் சுற்றினால் அழகுதான். ஆனால் அமிலமும் ஈரமும் சேர்ந்து பூச்சின் நுண்துளைகள் வழியாக உள்ளே துரு வேலையைத் தொடங்கிவிடும். ஸ்பேனர்களை ஆண்டுக்கணக்கில் தோல் சுருளில் பூட்டிவைப்பதும் அப்படித்தான்.

எண்ணெய் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு நல்ல பழக்கமும் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. கெட்டது, மிச்சமிருக்கும் இஞ்சின் ஆயிலைத் தோலில் பூசுவது. அதில் உலோகத் துகளும் எரிபொருளின் அமிலக் கசடும் இருக்கும். தோல் தொய்ந்து கறுக்கும். நல்லது, விளக்கெண்ணெய். வார்த்தோல்களை மிருதுவாக வைக்க நெடுங்காலமாகப் பயன்பட்ட எண்ணெய் இது. பந்தய இஞ்சின்களின் எண்ணெயும் ஒரு காலத்தில் இதுவே. ஆமணக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலத்தில் கூடுதலாக ஒரு ஹைட்ராக்சில் கை இருப்பதால் உலோகப் பரப்பை அது விடாமல் பற்றும். பெட்ரோலில் எளிதில் கரைந்து ஓடாது. முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் இஞ்சின்கள் இதில்தான் ஓடின. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. பெட்ரோல் இதற்கு நேரெதிர். டேங்க்கில் ஊற்றும்போது சீட்டில் சிந்தினால், நார்களுக்கு இடையே இருந்த கொழுப்பைக் கரைத்துக்கொண்டு ஆவியாகிவிடும். அந்த இடம் முதலில் வெளுத்து, பிறகு விறைத்து, கடைசியில் வெடிக்கும். உடனே கொஞ்சம் எண்ணெய் தடவிவிட வேண்டும்.

அமிலத்தின் கதை ஒன்றும் பாக்கி இருக்கிறது. லண்டனில் அத்தினியம் கிளப்பின் தோல் நாற்காலிகள் பொடிந்து உதிர்ந்தபோது, 1843இல் அதை ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. விளக்குக்கு எரித்த வாயுவிலிருந்து வந்த கந்தகமே காரணம் என்றார். கந்தக டை ஆக்சைடு தோலில் இறங்கிக் கந்தக அமிலமாகி, கொலாஜன் இழையைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. பழைய நூலகங்களில் புத்தக அட்டை செம்பொடியாகக் கையில் ஒட்டுவதும் இதே நோய். மோட்டார் சைக்கிளில் அந்த அமிலம் பேட்டரியிலேயே இருக்கிறது. பேட்டரிப் பெட்டிக்கு ஒட்டித் தொங்கும் தோல் பையின் உட்பக்கம் மட்டும் உதிர்ந்தால் தோல் வியாபாரியைத் திட்டாதீர்கள். பேட்டரியின் மூச்சுக்குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

தையலுக்குத் தனிக் கட்டுரை வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். மிஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கோர்த்து நிற்கும். ஓரிடத்தில் அறுந்தால் அடுத்தடுத்த கண்ணிகள் தளரும். ஒரே மெழுகு நூலின் இரு முனையிலும் ஊசி கோர்த்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக நுழைத்துத் தைத்தால் ஒன்று தேய்ந்து போனாலும் மற்றது பிடித்திருக்கும். இணையத்தில் இதை வெளிநாட்டுக் கைவினை நுட்பமாகக் காட்டுகிறார்கள். குத்தூசியோடு பேருந்து நிலைய வாசலில் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தொழிலாளியின் கையில் தோல் தையல் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறது. தோலைத் தொட்ட குடும்பங்களைத் தள்ளிவைத்த நாடு இது. அதே வேலையை நாம் விடுமுறை நாள் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளும்போது அந்தக் கசப்பை மறந்துவிட்டுப் பேசுவது சரியில்லை. அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். கற்றுக்கொடுத்ததற்கு உரிய கூலியைக் கொடுங்கள்.

பாலாற்றையும் மறக்க முடியாது. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பகுதித் தோல் ஆலைகளின் கழிவு நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தது தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில்தான், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று ஏற்றது. பட்டைத்தோல் என்றால் குற்றமற்றது என்று எண்ணிவிடவும் வேண்டாம். உப்பிட்டு வைப்பதும் சுண்ணாம்பில் முடி களைவதும் இரண்டு வகைக்கும் பொது. நிலத்தடி நீரில் ஏறிய உப்பில் அதற்கும் பங்குண்டு. குறைவாக வாங்குங்கள். வாங்கியதைப் பல ஆண்டு உழைக்கும்படி செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள். குரோம் தோலில் இருக்கும் குரோமியம் மூன்றாம் நிலையில் இருக்கும்வரை பெரிய கெடுதல் இல்லை. எரியும்போது அது புற்றுநோய் உண்டாக்கும் ஆறாம் நிலைக்கு மாறக்கூடும், புகையிலும் சாம்பலிலும் வரும். கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் ஓரத்தை வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அனேகமாகக் குரோம் தோல். சாயம் உள்வரை ஏறியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். அப்போது கடைக்காரரையே கேட்டுவிடுங்கள்.